இஞ்சை ஒருத்தரும் இல்லை

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சிலருக்குச் சுருட்டை முடி இருப்பது போல எனக்கு இது. லிஃப்டில் யாராவது ஏறினால் முதலில் காலைப் பார்ப்பேன், பிறகுதான் ஆளைப் பார்ப்பேன். கனத்த பூட்ஸ் என்றால் என் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிடுவேன். ரொறன்ரோவுக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பிள்ளைகள் கலியாணம் கட்டிப் பிக்கரிங்குக்குப் போய்விட்டார்கள், பயம் மட்டும் என்னோடு டோர்செட் பார்க் மாடிவீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்படிப்பட்ட நான், கனடாப் படையிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தொண்டு வேலையில் சேர்ந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, அடுப்பு. எங்கள் மாடிக்கட்டடத்துக்கு எதிரே இருக்கும் சமூக நிலையத்தில் நாங்கள் சில பெண்கள் வாரத்தில் ஒருநாள் முதியவர்களுக்குச் சமைத்து வந்தோம். இரண்டு தெரு தள்ளி முன்னாள் படையினரின் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் கூரை ஒழுகத் தொடங்கி மண்டபத்தைப் பூட்டியதும், அவர்கள் தங்கள் வியாழக்கிழமைச் சமையலை எங்கள் அடுப்புக்குக் கொண்டு வந்தார்கள். வெட்டவும் கழுவவும் ஆள் போதவில்லை. உதவ முடியுமா என்று கேட்டபோது மற்றப் பெண்கள் எல்லோரும் ஓம் என்றார்கள். எனக்கு ஆமிக்காரர் என்றால் பயம் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் ஓம் என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ இப்ப ஆமிக்குச் சோறு குடுக்கப் போறாய். நல்லாத்தான் இருக்கு."

"இது வேறை ஆமி."

"பூட்ஸ் ஒண்டுதானே" என்றார். அவருக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஒரு பகிடி வேண்டும்.

அந்தச் சமையலை நடத்தியவர் ஓய்வுபெற்ற படைத் தாதி. நெடுத்த உருவம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். நாங்கள் எங்களுக்குள் அவரைக் கப்டன் என்போம். உண்மையில் என்ன பதவியில் இருந்தார் என்று எவருக்கும் தெரியாது. கேட்பதற்கு எனக்குப் பயம். உருளைக்கிழங்கும் அரைத்த இறைச்சியும் அடுக்கிச் சுடும் அவர்களுடைய சாப்பாட்டில் எங்கள் பெண்கள் அவருக்குத் தெரியாமல் மிளகும் பச்சை மிளகாயும் சேர்த்தார்கள். அடுத்த வாரமே, போன தடவை போட்ட அதே சாமானை இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்ணில் படாத ஒன்று அந்தச் சமையலறையில் இல்லை.

வீடுகளுக்குக் கொண்டுபோவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். மணி அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி, உள்ளே இருப்பவர் கதவுக் கண்ணாடியால் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டை ஒருபோதும் வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. முகத்தைப் பார்த்து, கையில் கொடுக்க வேண்டும். சவரம் செய்திருக்கிறாரா, போன வாரத்துச் சட்டையோடேயே நிற்கிறாரா, பின்னால் வீடு எப்படிக் கிடக்கிறது, மனைவியின் கண் வீங்கியிருக்கிறதா, இதெல்லாம் பார்த்து வந்து அவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு ஒரு சாட்டுத்தான், போவது முகத்தைப் பார்க்க என்று அவர் முதல் நாளே சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு போய் ஆட்களைப் பார்த்து வந்து சொல்லும் வேலைக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தது.

என்னோடு சோடியாக வந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அக்கா. கார் அவருடையது. முதல் வீட்டில் கதவைத் திறந்த கிழவர் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார், கைத்தடி இல்லாமல் நிற்க முடியவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் இஸ்திரி போட்ட சீருடை ஒன்று தொங்கியது.  சாப்பாட்டுப் பையை மன்னார் அக்காவின் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினேன். கீழே காருக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் வந்து காரை எடுத்தார், சிக்னலில் நின்றபோது சொன்னார்.

"அந்த மனுசன் உங்களைப் பாத்துத்தான் பயந்துபோனார். நான் என்ன செய்திட்டன் எண்டு கேக்கிறார்."

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே மணி அடிக்கப் பழகினேன். கணவன் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிறான் என்று சொன்ன மனைவியின் வாசலில் நின்றபோது, இவர்கள் என்னைப் போன்ற ஆட்கள்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் புதிய பயமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போது கப்டன் என் பக்கத்தில் வந்து நின்றார். யாருடைய பெயரும் சொல்லாமல், வீட்டிலக்கமும் சொல்லாமல், ஒரு விசயம் கேட்க வேண்டும் என்றார். தமிழ்ப் பெடியன் ஒருவன் படையிலிருந்து வெளியேறி வந்திருக்கிறான். உதவி வேண்டும் என்று அவனே முதலில் அழைத்தான். பிறகு பேச்சில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் ஒரு பெண், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்கிறார். நேரில் போனாலும் அதே பதில், அதுவும் சிரித்துக்கொண்டு. ஒரு தாய் ஏன் தன் மகன் வீட்டில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது தமிழ்த் தாய்மார் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எங்கள் காலத்தில், அறிமுகமில்லாதவர்கள் வாசலுக்கு வந்து வீட்டில் பெடியன்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், கேட்பவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். இஞ்சை ஒருத்தரும் இல்லை. மகன் அலுமாரிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், தாய் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு அதைச் சொல்லுவாள். யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் வருவது போல வரும். இதை ஆங்கிலத்தில் கப்டனுக்கு எப்படிச் சொல்வது? அவ பயத்திலை சொல்லுறா என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களைக் கண்டா பயம் என்று கேட்டார். ஓம் என்றேன். 

கப்டன் சொல்லாவிட்டாலும் அது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துபோனது. எங்கள் மாடியில், எங்கள் கதவிலிருந்து நாலாவது கதவு. அங்கே இருந்த அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கம்பனியில் வேலை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் சின்னப் பெடியனாகச் சைக்கிளோடு லிஃப்டுக்குள் ஏறி என் காலில் சில்லை ஏற்றியது எனக்கு நினைவிருக்கிறது. சென்ற இலையுதிர் காலத்திலிருந்து அக்கா கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார். ஒருநாள் அவருடைய கூடையில் பெரிய ஆண் சட்டைகளைக் கண்டேன். அவர் அதன் மேல் துவாயை இழுத்துப் போட்டார். நான் சவர்க்காரப் போத்தலில் எழுதியிருந்ததை வாசிப்பது போல நின்றேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது எங்களுக்கு நன்றாக வரும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம் எங்கள் கதவில் யாரோ நகத்தால் சுரண்டினார்கள். மணி அடிக்கவில்லை, தட்டவில்லை, சுரண்டல். கணவர் டொக்டரிடம் போயிருந்தார். நான் குசினியில் அப்படியே நின்றேன், மூச்சு விடவில்லை. பிறகு குரல் வந்தது.

"பிள்ளை, நான்தான். கதவைத் திற."

திறந்தபோது அக்கா வெறுங்காலோடு நின்றார். தலை அவிழ்ந்து கிடந்தது. குப்பை போடப் போனாலும் கொண்டை போட்டுக்கொண்டு போகிறவர் அவர்.

"ஒருக்கா வா" என்றார். 

அவர்கள் வீட்டில் பகலிலும் திரைச்சீலை மூடியிருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு கைத்தொலைபேசி, பணப்பை, வீட்டுத் திறப்புக் கோர்வை, எல்லாம் ஒரு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அக்கா மூடியிருந்த அறைக் கதவைக் காட்டினார்.

"தம்பி உள்ளுக்கை. அவன் அல்பேர்ட்டாவிலை இல்லை."

"தெரியும் அக்கா."

"தெரியுமோ?" அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதை விட்டுவிட்டார். "காலமையிலை இருந்து திறக்கிறானில்லை. தண்ணி கூடக் குடிக்கேல்லை. நேற்றுப் பின்னேரம் என்ரை காலைத் தொட்டுக் கும்பிட்டவன். எங்கையும் போகப் போறியோ எண்டு கேட்டன். இல்லையெண்டவன். பேந்து இந்தச் சாமானெல்லாத்தையும் மேசையிலை கொண்டுவந்து அடுக்கி வைச்சவன்."

 பரீட்சைக்குப் போகும்போதும் விமானம் ஏறும்போதும் தாயின் காலைத் தொடுவார்கள். எங்கும் போகாத பிள்ளை எதற்குத் தொட வேண்டும்? அதை அக்காவும் நினைத்துவிட்டார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. 

"தம்பி" என்று கதவில் தட்டினேன். "நான் அங்காலை வீட்டு அன்ரி."

 பிறகு மிக மரியாதையான குரலில் அவன் சொன்னான்:

"அன்ரி, அம்மாவைக் கொஞ்ச நேரம் உங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. ப்ளீஸ்."

என் வாழ்க்கையில் ஷெல் விழுந்த இரவுகள் இருக்கின்றன. அந்த ஒரு வரியைக் கேட்டபோது வந்த பயம் அவற்றில் வந்ததில்லை. ஷெல் யாரைத் தேடி வருகிறது என்று தெரியாது. இது தெரிந்தது.

"அக்கா, ஆக்களைக் கூப்பிடோணும்."

"பொலிசு வேண்டாம்." என் கையைப் பிடித்தார். "துவக்கோடை வந்து நிப்பினம். இவனைக் கண்டால் சுடுவினம். பொலிசு வேண்டாம் பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"பொலிசு இல்லை. என்னோடை வேலை செய்யிற ஒரு மனுசி."

பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கப்டனுக்கு எடுத்தேன். என் ஆங்கிலம் அன்று என்னைக் கைவிட்டது. நான் சொன்னது அவருக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உள்ளே ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார். தலையை உள்ளே நீட்டி அக்காவிடம் கேட்டேன்.

"துவக்கு ஒண்டும் இல்லை. நித்திரைக் குளிசை கிடக்கு. கனக்கக் கிடக்கு."

நித்திரை மாத்திரை என்றதும், தான் உடனே வருவதாகக் கப்டன் சொன்னார். இப்படிப்பட்ட நேரத்துக்குப் பொலிசும் துவக்கும் இல்லாமல் வரும் ஒரு குழு இருக்கிறது, அவர்களையும் கூப்பிடுகிறேன் என்றார். அப்படியொன்று இந்த ஊரில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தாங்கள் வரும் வரைக்கும் அவனைத் தனியே விடாதே, பேசிக்கொண்டே இரு, என்ன பேசினாலும் பரவாயில்லை என்றார்.

கதவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? தமிழ்க் கடையில் காலையில் கணவாய் மீன் வாங்கியதைச் சொன்னேன். கடைக்காரன் பழைய கணவாயைப் புதிதென்று தலையில் கட்டப் பார்த்ததைச் சொன்னேன். அங்கிளுக்குச் சீனி கூடிவிட்டது, டொக்டருக்குத் தெரியாமல் கேக் சாப்பிடுகிறார் என்று சொன்னேன். உளறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கதைக்கும் இடையில், "என்ன தம்பி, கேக்குதோ?" என்பேன். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். அந்த ஒரு "ம்" வந்தால் எனக்கு அடுத்த மூச்சு வரும். ஒரு தடவை வரவில்லை. நான் திரும்பக் கேட்டேன். வரவில்லை. கேட்கக் கேட்க என் குரல் கிறீச்சிட்டது. அக்கா சுவரோடு சாய்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே கட்டில் முனகியது, "கேக்குது அன்ரி" என்றான், மிகக் களைத்துப்போய். என் உள்ளங்கை வியர்வையில் கதவு ஈரமாகியிருந்தது.

வாசல் மணி அடித்தது.

நான் எழும்புவதற்குள் அக்கா எழும்பிவிட்டார். சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் திறந்தார். அந்த இடைவெளியில் கப்டன் நின்றார். அவருக்குப் பக்கத்தில் மொட்டை வெட்டு வெட்டிய அகன்ற தோள்காரர் ஒருவர், பின்னால் பைகளோடு அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு ஆணும் பெண்ணும். தோள்காரரின் காலில் பூட்ஸ். அதை அக்காவும் கண்டுவிட்டார்.

"நோ" என்றார். "நோபடி. ஒன்லி மீ."

சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்கியவர், இப்போது அடுப்பில் கறி கொதிக்கும்போது யாரோ விற்பனைக்கு வந்து தொந்தரவு செய்ததைப் போல நின்றார். தன்னைக் காப்பாற்ற வந்தவர்களைப் பார்த்து அவர் அதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய வாய் அதைச் சொல்லிப் பழகிவிட்டது. உள்ளே இருக்கும் பிள்ளையின் உயிர் அந்த ஒரு சாண் இடைவெளியில் இருந்தது.

கப்டன் அவருடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.  என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு சொல்.  எங்கள் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் பெடியன்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். முன்னால் ஒருவன், சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்டு உட்கார்ந்திருப்பான். அவன் பேசமாட்டான். தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். ஆட்டினால் அந்தப் பெடியனை வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள், பிறகு அவன் வீட்டுக்கு வரமாட்டான். அவனைத் தலையாட்டி என்போம். அதைவிடக் கேவலமான பெயர் எங்கள் ஆட்களிடம் இல்லை. நான் சிறுமியாக அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன், சாக்குக்குள் இருப்பவன் தும்மினாலும் தலை ஆடுமே என்று பயந்திருக்கிறேன்.

நான் தலையை ஆட்டினேன்.

அக்கா கப்டனின் கண் போன திசையில் திரும்பி என்னைக் கண்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டார் போல. கப்டன் கதவைத் தள்ளவில்லை. நான் போய்ச் சங்கிலியில் கை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார். அவருக்கு என்னைவிடப் பலம் இருந்தது, எனக்கு அவரைவிடப் பயம் இருந்தது. சங்கிலியைக் கழற்றினேன்.

கப்டன் தன் கெட்ட காலை நீட்டி, நான் இருந்த இடத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். தோள்காரர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தார். தான் படையோடு எந்த நாட்டுக்குப் போயிருந்தார், அங்கே தூசு எப்படிச் சாப்பாட்டுக்குள் விழும் என்று தொடங்கி மெதுவாகக் கதைத்தார். என்னையும் அக்காவையும் குசினிக்குள் இருக்கச் சொன்னார்கள். அங்கே இருந்து சொற்கள் கேட்கவில்லை, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. 

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

படையில் இருந்தவன் என்றதும் என் மனதில் ஒரு பெரிய உருவம் இருந்தது. வெளியே வந்தவன் காய்ச்சலில் கிடந்து எழும்பியவனைப் போல இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. குளிசைப் போத்தலைக் கப்டனின் கையில் கொடுத்தான். அது மூடியபடியே இருந்தது. பிறகு தானே சப்பாத்தைப் போட்டான், தானே ஜக்கெற்றைப் போட்டான். அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் கூட வரலாம் என்று கப்டன் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. மகன் வாசலில் நின்று, "அம்மா, போட்டு வாறன்" என்றான்.  லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"காட்டிக் குடுத்திட்டாய் என்ன."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை எனக்கு அறிவிப்பது போலச் சொன்னார். பிறகு என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தேன். கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதாவது பகிடி விடுவார் என்று பார்த்தேன். அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார், அது என்னை இன்னும் பயப்படுத்தியது. ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டி வைப்பார்களா? அவன் முரண்டு பிடித்தால் என்ன செய்வார்கள்? அங்கே வைத்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அது என் தலை ஆடியதால் ஆனது. செத்துப்போனால் நான் இந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று ஒரு கணம் நினைத்தால், அடுத்த கணம் சாக்கு முகம் வந்து முன்னால் நின்றது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன்.

வெளியே இருட்டுப் பட்ட நேரம் கப்டனின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன்.

"அன்ரி, அம்மா போன் எடுக்கிறா இல்லை. நான் ஓகே. சாப்பிட்டனான். அவவுக்குச் சொல்லுங்கோ."

எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் மாடி, எந்தப் பக்க லிஃப்ட் என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவன் சொன்னான். ஒன்றும் தப்பிவிடக்கூடாது என்று திரும்பவும் கேட்டேன். பொறுமையாகத் திரும்பவும் சொன்னான்.

அக்காவின் கதவில் தட்டினேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை. கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சமும் இல்லை. அவரும் ஏதாவது செய்துகொண்டாரோ என்று பயந்தேன். ஒருவரும் இல்லாத வீடு போல அது இருந்தது.

"அக்கா, நான்தான். தம்பி என்னோடை கதைச்சவன். சுகமா இருக்கிறான்."

ஒன்றும் இல்லை.

"பொய் சொல்லேல்லை அக்கா. அவனேதான் கதைச்சவன். சாப்பிட்டானாம்."

குரல் மிகக் கிட்ட இருந்து வந்தது. கதவோடு ஒட்டி நின்றிருக்கிறார்.

"எங்கை வைச்சிருக்கினம்?"

எங்கள் ஊரில் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்து, வெயிலில் வரிசையில் நின்று கேட்ட கேள்வி அது. என் பெரியம்மா கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுத் தாய் கேட்டார், இன்றைக்கும் வீதியோரம் இருந்து கேட்கிறார்கள். அதற்கு ஒரு பதிலை நான் என் காதால் கேட்டதில்லை. நான் அந்த இருட்டான கதவுக்குப் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். மாடியைச் சொன்னேன். நீல நிற லிஃப்டில் ஏறி இடது பக்கம் திரும்ப வேண்டும், யன்னலோரக் கட்டில் என்றேன்.

"பாக்க விடுவினமோ?"

"விடுவினம்."

"எப்ப?"

"இப்பவே போகலாம் அக்கா."

கதவு திறந்தது. அக்கா குளிர் ஜக்கெற்றைக் கழுத்து வரை பூட்டி, சப்பாத்துப் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஜக்கெற்றுக்குள் அவருடைய கழுத்தெல்லாம் வியர்த்து ஓடியிருந்தது. லிஃப்ட் கதவு மூடிய நேரத்திலிருந்தே அவர் அப்படித்தான் நின்றிருக்கிறார், எங்கே போவது என்று மட்டும் தெரியாமல்.